யார் உடலில் எவ்வளவு ஈயம்? அனுமதிக்கப்பட்ட அளவின் அரசியல்



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் ஈயத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பேச்சில் ஈயம் புதிய பொருளல்ல. வேதம் ஓதுவதைக் கேட்டுவிட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். அந்த உலோகம் வெள்ளீயமா காரீயமா என்று பண்டிதர்கள் வாதிடட்டும். சாதி எதிர்ப்பு மேடைகளில் தலைமுறை தலைமுறையாக நாம் அதை எடுத்துச் சொல்லி வருகிறோம். அந்தத் தண்டனையில் ஊற்றுகிறவன் யார், ஊற்றப்படுகிறவன் யார் என்பது தெளிவாக இருந்தது. இன்று நாம் பேசப்போகும் ஈயத்துக்கு அந்தத் தெளிவு கிடையாது. அது தண்ணீர்க் குழாயில் வருகிறது, சுவரில் பூசிய பெயின்டில் வருகிறது, பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகையின் புழுதியில் வருகிறது. எவ்வளவு வரலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டாதவரை குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள், யாருடைய உடலைப் பார்த்து எழுதுகிறார்கள், அது எப்போது மாறுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். எவ்வளவு ஈயம் உடலில் என்ன செய்யும் என்பதை அறிவியல் சொல்லும். எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது அரசியல். பொறுத்துக்கொள்ள வைக்கப்பட்டவர்களுக்கு அந்த முடிவில் இடம் இருந்ததா என்ற கேள்வியோடுதான் அந்த எண்ணின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசுவது காரீயம். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உடலுக்குத் தேவை. காரீயத்தால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு அது எலும்புக்குள் புகுந்துகொள்கிறது. ரத்தத்தில் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் ஈயம், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்குகிறது. ஒரு பெண் கருவுறும்போது அவள் எலும்பிலிருந்து கரைந்து கருவிலுள்ள குழந்தைக்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. காய்ச்சல் போலவோ அம்மை போலவோ வெளியே தெரிவதில்லை. குழந்தைக்குக் கவனம் நிற்பதில்லை, படிப்பு ஏறுவதில்லை, அவ்வளவுதான் தெரியும். அதற்கு ஊரும் பள்ளியும் என்ன காரணம் சொல்லும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணின் வரலாறு மிக விரிவாகப் பதிவாகியிருக்கும் நாடு அமெரிக்கா. எனவே அங்கிருந்து தொடங்குகிறோம். 1920களில் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அந்தப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் ஐந்து பேர் பித்துப்பிடித்தது போலாகி இறந்தார்கள். அடுத்த ஆண்டு அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழில் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், உடலியலாளர் யாண்டல் ஹெண்டர்சன் போன்றவர்கள், ஊர் முழுக்க ஈயத்தைத் தூவப்போகிறீர்கள் என்று எச்சரித்தார்கள். தொழில் நிறுவனங்களின் பக்கம் நின்றவர் ராபர்ட் கெஹோ. அவருடைய ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவை ஈயம் கலந்த பெட்ரோலை விற்ற நிறுவனங்களே. ஈயம் எல்லோர் உடலிலும் இயல்பாக இருப்பது, உள்ளே வருவதை உடல் வெளியேற்றிவிடும், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரை ஆபத்தில்லை என்பது அவர் வாதம். கேடு இருக்கிறது என்பவர்கள் நிரூபித்துக் காட்டட்டும், அதுவரை விற்போம் என்பது அந்த வாதத்தின் நடைமுறைப் பொருள். நிரூபிக்கத் தேவையான ஆய்வைச் செய்யும் வசதியும் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது.

1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் இந்த வாதத்தின் அடியைத் தோண்டினார். எல்லோரிடமும் இருப்பது என்பதும் இயற்கையாக இருப்பது என்பதும் ஒன்றல்ல என்றார். அன்றைய சராசரி அமெரிக்கரின் உடலில் இருந்த ஈயம், இயற்கையாக இருந்திருக்கக்கூடிய அளவைப்போல சுமார் 100 மடங்கு என்பது அவர் கணக்கு. அதாவது நஞ்சூட்டப்பட்ட ஒரு மக்கள்தொகையை அளந்து, அதன் சராசரிக்கு இயல்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நீண்ட காலமாக நடப்பதை இயல்பு என்பது, இயல்பை இயற்கை என்பது, இயற்கையை நியாயம் என்பது: சாதியைக் காப்பாற்றுகிறவர்கள் நம்மிடம் பேசும் முறையும் இதுதான்.

இப்போது குழந்தைகளுக்கான எண்ணைப் பாருங்கள். 1960களில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் இருந்தால்தான் அமெரிக்காவில் அது கவலைக்குரியது. 1970இல் அது 40. 1975இல் 30. 1985இல் 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. குழந்தையின் மூளை மாறவில்லை, ஈயத்தின் குணமும் மாறவில்லை. 1968இல் ரத்தத்தில் 45 இருந்த குழந்தையை, எண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பலாம். இன்று அதே அளவு இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள்.

60 என்பதற்குக் கீழே கேடு இல்லை என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வுகளில் முக்கியமானது ஹெர்பர்ட் நீடில்மேன் 1979இல் வெளியிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, பல்லில் உள்ள ஈயத்தை அளந்தார். நோய் என்று எந்த மருத்துவரும் சொல்லாத பிள்ளைகள் அவர்கள். பல்லில் ஈயம் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்தது, ஆசிரியர்கள் சொன்ன கவனக் குறைவும் கூடியது. இதற்காக அவர் மீது ஆய்வு மோசடிப் புகார் சுமத்தப்பட்டது. விசாரணையில் அது நிற்கவில்லை. 2005இல் பல நாடுகளின் ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ரத்த ஈயம் 2.4இலிருந்து 10 ஆகும்போது இழக்கப்படும் அறிவுத்திறன் புள்ளிகள் 3.9. 10இலிருந்து 20 ஆகும்போது 1.9. 20இலிருந்து 30 ஆகும்போது 1.1. முதல் சில மைக்ரோகிராம்களே அதிகம் கெடுக்கின்றன. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அப்படியானால் சட்டத்தில் எழுதப்படும் எந்த எண்ணும் பாதுகாப்பின் எல்லையைக் காட்டுவதில்லை. அது நாம் எங்கிருந்து நடவடிக்கை எடுக்கத் தொடங்குவோம் என்பதை மட்டுமே காட்டுகிறது.

விஞ்ஞானிகள் மட்டும் இந்த எண்ணைக் கீழே இழுக்கவில்லை. அமெரிக்க நகரங்களின் பழைய வாடகை வீடுகளில் ஈயப் பெயின்ட் உரிந்து விழுந்தது. அதைத் தின்று நோயுற்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள், போர்ட்டோ ரிக்கோ குழந்தைகள். அறிவில்லாத பெற்றோர்களும் சேரி வாழ்க்கையுமே காரணம் என்று ஈயத் தொழில் சங்கம் சொல்லி வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஐவரி பெர்ரி என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர், வாடகை வீடுகளுக்குப் போய் வந்த வேலையில் இதைக் கண்டு, குழந்தைகளைப் பரிசோதிக்க வைத்து, 1970இல் நகரச் சட்டம் வர வழிசெய்தார். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு, நகர சுகாதாரத் துறையிடம் பயன்படுத்தாமல் கிடந்த பரிசோதனைப் பொருட்களைப் போராடி வாங்கி, மருத்துவ மாணவர்களோடு வீடு வீடாக ஏறியது. அடுத்த ஆண்டே நகரம் ஈய நச்சுத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. யங் லார்ட்ஸ் தங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டது கருஞ்சிறுத்தைகளை. அதே கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்றோர் தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து நாம் பெயரையும் கோபத்தையும் கவிதையையும் எடுத்துக்கொண்டோம். பரிசோதனைக் குப்பியோடு படியேறிய அந்த வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஏனென்றால் அளந்த பிறகுதான் ஏற்றத்தாழ்வு கணக்கில் வந்தது. 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய ஆய்வில், அன்றைய வரம்பான 30ஐத் தொட்ட அல்லது தாண்டிய வெள்ளைக் குழந்தைகள் 100க்கு 2 பேர். கறுப்பினக் குழந்தைகள் 100க்கு 12 பேர்.

எண் இறங்கிவிட்டால் போதுமா? மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் இதற்குப் பதில் சொல்கிறது. பெரும்பான்மை கறுப்பின மக்கள் வாழும் ஏழை நகரம். தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியின் அதிகாரத்தை மாநில அரசு நியமித்த நிர்வாகி கையில் வைத்திருந்த காலத்தில், 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய பொருளைச் சேர்க்கவில்லை. ஈயக் குழாய்கள் அரித்துத் தண்ணீரில் கலந்தன. இந்தத் தண்ணீர் எந்திர பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அதே ஆண்டு அக்டோபரில் வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மக்கள் 2015 அக்டோபர் வரை அதையே பெற்றார்கள்.

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீரில் நூறு கோடியில் 15 பங்குக்கு மேல் ஈயம் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1991 முதல் விதி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய உரிமையாக அது எழுதப்படவில்லை. எடுத்த மாதிரிகளை வரிசைப்படுத்தி, பத்தில் ஒன்பது பங்கு மாதிரிகள் 15க்குள் இருந்தால் ஊர் முழுக்கச் சரி. மீதிப் பத்தில் ஒரு வீட்டில் எவ்வளவு இருந்தாலும் விதி மீறப்படவில்லை. 2015இல் அதிகாரிகள் இரண்டு மாதிரிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட, ஊரின் எண் 15க்குக் கீழே வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஆண்டுதோறும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வெட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். வரம்பு யார் கையில் இருக்கிறதோ, அதைத் தள்ளிப் போடும் மண்வெட்டியும் அவர் கையில்தான்.

அதே ஃபிளின்டில்தான் எண்ணின் பயனும் தெரிந்தது. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்த குழந்தைகள் 100க்கு 2.4இலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். முதலில் மறுத்த அரசு பிறகு ஒப்புக்கொண்டது. 2012இல் எண் 10இலிருந்து 5 ஆகியிருந்ததால்தான் 5க்கும் 10க்கும் நடுவே இருந்த பிள்ளைகள் பாதிக்கப்பட்டவர்களாக எண்ணப்பட்டார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எண்ணைக் குறைத்த அதே 2012இல், குழந்தைகளின் ஈய நச்சைத் தடுக்கும் திட்டத்துக்கான மத்திய நிதியைச் சுமார் 2.9 கோடி டாலரிலிருந்து 20 லட்சம் டாலராக வெட்டினார்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் நீண்டது, அவர்களைப் பார்க்கப் போகும் ஆட்கள் குறைந்தார்கள்.

குழந்தைகளுக்கு ஓர் எண் என்றால் தொழிலாளிக்கு வேறு எண். அமெரிக்காவில் 1978இல் வந்த தொழிலக விதியின்படி, ரத்தத்தில் 60 இருந்தால்தான் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து உடனே விலக்க வேண்டும். 40க்குக் கீழே வந்தால் திரும்ப அனுப்பலாம். காலையில் 40 எண்ணோடு வேலைக்குப் போகிறவர், மாலையில் துணியில் ஒட்டிய தூசியோடு, 3.5 எண் உள்ள குழந்தையைத் தூக்குகிறார். சமமின்மையே படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னதை இந்த எண்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரே நஞ்சு, ஒரே நாடு, ஆனால் யார் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு அடுக்கு இருக்கிறது.

இந்த அடுக்கில் பெண்களுக்கு நடந்ததைத் தனியே சொல்ல வேண்டும். கருவுக்குக் கேடு என்று சொல்லி, மேற்கு வர்ஜீனியாவின் ஒரு நிறமி ஆலையில் 1978இல் ஈயப் பிரிவிலிருந்து பெண்களை விலக்கினார்கள். வேலையை இழக்காமலிருக்க ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், பிள்ளை பெற முடியாது என்று மருத்துவச் சான்று தராத எல்லாப் பெண்களையும் ஈய வேலையிலிருந்து ஒதுக்கியது. தொழிற்சங்கம் வழக்குத் தொடர, அது சட்டவிரோதப் பாகுபாடு என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலையைச் சுத்தமாக்குவதைவிட ஆளை மாற்றுவது மலிவு என்று முதலாளி நினைக்கிறார். பாதுகாப்பு என்ற பெயரிலும் விலக்கிவைக்க முடியும் என்பது நமக்குப் புதிய பாடமா?

நம் நாட்டுக்கு வருவோம். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2000 ஏப்ரலில் நின்றது. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவை நல்ல விதிகள். எந்தக் குழந்தையின் ரத்தத்தையும் குத்திப் பார்க்காமல் நஞ்சை அது வரும் இடத்திலேயே நிறுத்துகின்றன. ஆனால் பெட்ரோலில் ஈயம் நின்ற பிறகும், சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில், ரத்த ஈயத்தின் சராசரி 11.4. அன்று அமெரிக்காவில் கவலை எண் 10. அங்கே அபாயம் எனப்பட்டது இங்கே சராசரிப் பிள்ளையின் நிலை. இந்தியாவில் 27 கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யூனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. இப்படியிருந்தும் ஏழைப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தைத் தவறாமல் அளக்கும் நாடு தழுவிய திட்டம் நம்மிடம் இல்லை.

தொழிலாளிக்கு வருவோம். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் ஈயத்தை அனுமதித்தது. அமெரிக்காவின் 1978 விதியில் அது 50. அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஈய நச்சுதான் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்றால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்ய வேண்டும். 2020இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. காயலாங்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கைந்து பேர் பேட்டரியை உடைத்து, ஆசிடை மண்ணில் கொட்டி, தகடுகளை உருக்கும் இடத்துக்கு எந்த எண்ணும் போய்ச் சேராது. 2001இலும் 2022இலும் வந்த பேட்டரி விதிகள் பழைய பேட்டரிகள் பதிவு பெற்ற ஆலைகளுக்கே போக வேண்டும் என்கின்றன. கொட்டகைகள் பெயர்ப்பலகை இல்லாமல் நடக்கின்றன. கழிவைத் தொடும் வேலை யாருக்கு என்பதைச் சட்டம் எழுதுவதற்கு முன்பே சாதி எழுதி வைத்திருக்கிறது. 2015இல் நூடுல்ஸ் பொட்டலத்தில் ஈயம் என்றதும் நாடே பதறியது. தொலைக்காட்சி, நாடாளுமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் பேசின. பதறியது சரிதான். கொட்டகைப் புழுதியில் விளையாடும் பிள்ளைக்காக அந்தப் பதற்றத்தில் பாதியாவது எழுந்திருக்க வேண்டாமா?

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் முதலாளிகள் மட்டுமில்லை, நம் தொழிலாளர்களும்தான். எண்ணைக் குறைத்தால் கொட்டகையை மூடுவார்கள், நாளைக்கு உலைக்கு அரிசி யார் தருவது? ரத்தத்தில் அதிகம் என்று தெரிந்தால் வேலை போகும் என்பதால் பரிசோதனைக்கே வராமல் ஒதுங்குகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இந்தக் கேள்விக்கு விடை அந்த 1978 விதியிலேயே இருக்கிறது. ரத்தத்தில் ஈயம் கூடி விலக்கப்படும் தொழிலாளிக்கு 18 மாதங்கள் வரை ஊதியமும் பணி மூப்பும் குறையக் கூடாது என்று அது சொல்கிறது. சங்கங்கள் வாதாடிக் காத்த உரிமை அது. கூலிப் பாதுகாப்பு இல்லாத வரம்பு தொழிலாளியைத் தண்டிக்கும். கூலிப் பாதுகாப்போடு வரும் வரம்புதான் ஆலையைத் திருத்தும்.

வரம்பு என்பதே நமக்கு எதிரி என்று நாம் சொல்லவில்லை. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்தபோது வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். அதுவும் ஓர் எண்தான். உழைப்பவர் உடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு உழைப்பவர் பக்கமிருந்து எழுதப்பட்ட எண். ஈயத்துக்கும் அப்படியோர் எண் வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை. ஏழைக் குடியிருப்புகளிலும் ஈய வேலை நடக்கும் பகுதிகளிலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச ரத்தப் பரிசோதனை வேண்டும். எண்ணைத் தாண்டினால் யார், எத்தனை நாளில், என்ன செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைக்கு மருந்து கொடுத்து அதே புழுதிக்குத் திருப்பி அனுப்புவது நடவடிக்கை ஆகாது. ஊர்ச் சராசரியைக் காட்டி ஒரு வீட்டின் கேட்டை மறைக்க முடியாதபடி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய உரிமையாக எண் எழுதப்பட வேண்டும். ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈயத்தைத் தொடும் எந்த இடமும் சட்டத்துக்குள் வர வேண்டும். விலக்கப்படும் தொழிலாளிக்கு முழுக் கூலி வேண்டும். எண்ணைத் தீர்மானிக்கும் குழுவில், தொழில் நிறுவனங்களின் பிரதிநிதி உட்காரும் மேசையில், பேட்டரி உடைப்பவரும் உட்கார வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் பழைய பேட்டரி எடுக்கப் பதிவு பெற்ற ஆலைகள் எத்தனை, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, ஈய நச்சு என்று எத்தனை தொழிலாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் மனுப் போடுங்கள். பதிலில் பூஜ்யம் என்று வந்தால், நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது அளந்தார்களா என்று அடுத்த மனுவில் கேளுங்கள். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, நம் தெருக்களில் நாமே கணக்கெடுக்கத் தொடங்குவோம். நாம் நினைவுகூரும் தோழருக்கு அஞ்சலியாக இந்த வேலையை இவ்வாண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஜெய் பீம்.